முன்வரிசை நாற்காலி

ஏப்ரல் 4

அன்புள்ள அப்பா,

நலமா என்று கேட்டால் 'நலம்' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவீர்கள். அதனால் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் போன் செய்தால் நீங்கள் ஏன் எடுப்பதில்லை?

மழைக்காலம் முடிந்ததிலிருந்து பார்க்கிறேன். எப்போது கூப்பிட்டாலும் தம்பிதான் எடுக்கிறான். அப்பா குளிக்கிறார் என்பான். நகரசபைக் கூட்டத்தில் இருக்கிறார் என்பான். ஒரு மனிதர் இவ்வளவு குளித்தால் தோல் என்னத்துக்கு ஆகும்? போன மாதம் ஒரே ஒரு தடவை போன் உங்கள் கைக்கு வந்தது. தொழிற்சாலைப் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "ரொம்ப சந்தோஷம்மா. அப்படியே இரு. வச்சுடட்டுமா?" என்றீர்கள். வைத்தும் விட்டீர்கள். அன்று முழுக்க அழுதேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். என் அப்பா இப்படிப் பேசுகிற ஆள் இல்லை. பக்கத்தில் யாரோ நின்று, இதைச் சொல்லு, இதோடு நிறுத்து என்று சொல்லிக்கொடுத்தால்தான் இப்படிப் பேச்சு வரும்.

எதிர்வீட்டுத் தையல்காரர் மனைவியிடம் விசாரித்தேன். வேறு யாரை விசாரிப்பது? கூட்டம் நடக்கிற நாளெல்லாம் தம்பி பேட்டரிக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, பொதுமக்கள் உட்காருகிற முன்வரிசையில் முதல் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறானாம். தலைவர் நாற்காலியில் இருக்கிற நீங்கள் அவன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் எதையும் முடிவு செய்கிறீர்களாம். 'சின்னத் தலைவர்' என்று ஊரில் அவனுக்குப் பெயரே வைத்துவிட்டார்களாம். நகரசபை வாசலை மிதிப்பதென்றாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற பயல் அவன். திடீரென்று ஊர்மேல் என்ன அக்கறை? அவனுடைய மச்சான் ஊர் எல்லையில் நிலம் வாங்கி விற்கிறவர் என்பது எனக்குத் தெரியாதா?

குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் தொழிற்சாலையில் குழாய் பார்க்கப் பளபளவென்றுதான் வரும். தண்ணீரை விட்டுப் பார்த்தால்தான் எங்கே கசிகிறது என்று தெரியும். நம் வீட்டிலும் எங்கோ கசிகிறது அப்பா.

இதற்கு நீங்களே பதில் எழுத வேண்டும். எழுதியது நீங்கள்தான் என்று நான் நம்ப, நமக்கு இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுங்கள். தம்பிக்குத் தெரிந்தது எதுவும் செல்லாது.

உங்கள் மகள்


ஏப்ரல் 11

கமாண்டருக்கு,

உன் கடிதம் வந்தது. அது கடிதமா, குற்றப்பத்திரிகையா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எல்லையில் பிடிபட்டவனைக்கூட நாங்கள் இவ்வளவு குடைந்தது கிடையாது. தம்பியை அதட்டி அதட்டிச் சின்ன வயதில் நீ வாங்கிய பட்டப்பெயர் இன்னும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அத்தாட்சி கேட்டாய். வாங்கிக்கொள். நான் பட்டாளத்தை விட்டு வீட்டுக்கு வந்த புதிதில் உனக்குத் தலை பின்னத் தெரியாமல், பீரங்கியை வண்டியோடு சேர்த்துக் கட்டுகிற முடிச்சைப் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். சாயங்காலம் அவிழ்க்க வரவில்லை. கத்தரித்துவிட்டோம். டீச்சர் கேட்டால் பேன் என்று சொல்லிவிடு என்றேன். நீயும் அப்படியே சொன்னாய். உன் தம்பி அப்போது தொட்டிலில் கிடந்தான். போதுமா?

போன் வேண்டாம் என்று நான்தான் வைத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் போனில் பேசினால் யார் யார் காதுக்குப் போகிறது என்று சொல்ல முடியாது. எனக்கு இங்கே வேண்டாதவர்கள் இருக்கிறார்கள். துணைத் தலைவரை உனக்கு ஞாபகம் இருக்கும். ஊர் அவரைச் சர்க்கரை என்று கூப்பிடும், பேச்சில் அத்தனை இனிப்பு. என் நாற்காலி எவ்வளவு ஆடுகிறது என்று தினமும் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஆள். தையல்காரர் அவருடைய கையாள். அந்த வீட்டில் போய் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறாயே, உன் புத்தியை என்ன சொல்ல. இனி அந்தப் பெண்ணிடம் பேச்சு வைத்துக்கொள்ளாதே.

உன் மணிக்கட்டு விஷயம். அன்று லைன் கரகரவென்று இருந்தது, எதுவும் சரியாக விழவில்லை. உனக்கு அடிபட்டால் நான் சந்தோஷப்படுவேனா? கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று எழுது.

இப்போது என் முறை. திடீரென்று என்மேல் ஏன் இத்தனை கரிசனம்? போன வருஷம் மாப்பிள்ளை வந்தபோது, இந்த வயதில் உங்களுக்கு எதற்கு மாமா இந்தத் தலைவலி, எங்களோடு வந்துவிடுங்கள் என்றார். வீட்டை என்ன செய்வதாக உத்தேசம் என்றும் கேட்டார். கேட்டுவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார். நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைத் தலைவர் நாற்காலியிலிருந்து இறக்க அங்கே நீங்களும் இங்கே சர்க்கரையும் ஒரே சமயத்தில் கிளம்பியிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொண்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

அப்பா


மே 1

அப்பா,

முடிச்சு சரி. எழுதியது நீங்கள்தான். அதனால்தான் பயம் அதிகமாகிறது.

அன்று லைன் கரகரக்கவில்லை. உங்கள் கூடத்துச் சுவர்க்கடிகாரம் அடித்ததுகூட எனக்குத் துல்லியமாகக் கேட்டது. நீங்கள் என்னிடம் பொய் சொல்கிறீர்கள். இதற்கு முன்னால் நீங்கள் எனக்குப் பொய் சொல்லிக்கொடுத்தது பேன் விஷயத்தில் மட்டும்தான், என்னிடமே சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் சுவரைத் தட்டியது ஆணி அடிக்க இடம் பார்த்து. உங்கள் படத்தை மாட்டச் சொன்னது நீங்கள்தான். அதை விடுங்கள்.

போன திங்கட்கிழமைக் கூட்டத்தில் என்ன செய்தீர்கள் அப்பா?

பிரசவ ஆஸ்பத்திரியை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டு, இருக்கிற கட்டடத்தை இடித்துக் கடைகள் கட்டலாம் என்று சர்க்கரை பேசினாராம். ஆதரவும் எதிர்ப்பும் சரிசமமாக நின்றதாம். தலைவர் கைதான் தீர்ப்பு. நீங்கள் தூக்கினீர்களாம்.

அது எந்தக் கட்டடம் என்று நான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள். ஊரில் பிரசவம் பார்க்க ஓர் அறை இல்லாமல் அம்மாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் கூடவே இருந்தேன். தம்பி வழியிலேயே பிறந்தான். என் மடியில் அவனைக் கொடுத்தார்கள். அம்மா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நீங்கள் எல்லையில் இருந்தீர்கள், தகவல் வந்து சேரவே நாளாயிற்று. அதற்குப் பிறகு பட்டாளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து எங்களுக்குச் சோறு பொங்கினீர்கள், துணி துவைத்தீர்கள். மறு கல்யாணம் என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து போய்விடுவீர்கள். தேர்தலில் நின்றதே அந்த ஆஸ்பத்திரிக்காகத்தான். திறந்த அன்று அந்தக் கட்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனீர்கள். அந்தக் கையா இதற்குத் தூக்கியது?

உங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். பேச்சு வைத்துக்கொள்ளாதே என்று நீங்கள் எழுதுவதற்கு முன்பே நான் தையல்காரர் மனைவியிடம், தம்பி கூட்டத்தில் என்ன செய்கிறான் என்று கவனித்துச் சொல்லச் சொல்லியிருந்தேன். அவர் கெட்டிக்காரி. இரண்டு கூட்டம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தம்பி வலது முழங்காலில் கையை வைத்தால் நீங்கள் கை தூக்குகிறீர்கள். கையைக் கட்டிக்கொண்டால் சும்மா இருக்கிறீர்கள். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

உங்களுக்கு மறதி வந்துவிட்டதா அப்பா? இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை வைத்து அவன் உங்களைப் பொம்மையாட்டம் ஆட்டுகிறான் என்றால், அவனை நான் சும்மா விடமாட்டேன். புதிய ஆஸ்பத்திரிக்குப் பார்த்திருக்கிற இடம் யாருடைய நிலத்துக்குப் பக்கத்தில் என்று விசாரியுங்கள். அவன் மச்சானுடையதாகத்தான் இருக்கும்.

உங்கள் மகள்


மே 6

கமாண்டருக்கு,

நான் எதற்குக் கை தூக்கினேன் என்பதே உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மறதி இல்லை. காது போய்விட்டது. இடது காதைப் பட்டாளத்திலேயே விட்டுவிட்டு வந்தேன், பீரங்கிப் பக்கத்தில் நின்றவனுக்கு அது சகஜம். வலது காது போன மழைக்காலத்தோடு ஓய்ந்துவிட்டது. பக்கத்தில் வந்து கத்தினால் கொஞ்சம் கேட்கும். உன் தம்பி ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுக் கத்துவான். அவனுக்கும் மருமகளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. காதில் கருவி மாட்டினால் ஊர் பார்த்துவிடும். செவிட்டுத் தலைவன் என்று தெரிந்தால் சர்க்கரை என்னை ஒரு வாரம் விட்டுவைப்பாரா? நீ இரக்கப்பட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்கிற பயமும் இருந்தது. போதும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பீரங்கி சுடுகிற இடத்தில் வாய்க்கு வேலை இல்லை. கையால்தான் பேச்சு. அதை உன் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தேன். கூட்டத்தில் என்ன பேசப்போகிறார்கள் என்று முன்கூட்டியே அச்சிட்டு வரும், அதை நான் படித்துக்கொண்டு போய்விடுவேன். இடையில் பேச்சு எங்காவது திரும்பினால் அவன் கை பார்த்துத் தெரிந்துகொள்வேன். அவன் முகத்தைப் பார்க்கமாட்டேன். பார்த்தால் சபை கண்டுபிடித்துவிடும் என்று முழங்காலை மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பேன். அன்று அச்சிட்டு வந்தது ஆஸ்பத்திரிக் கூரையைப் பழுதுபார்க்கிற விஷயம். பேசிப் பேசி அதை இடிக்கிற தீர்மானமாக மாற்றியிருக்கிறார்கள், எனக்கு என்ன தெரியும். முழங்காலில் கை இருந்தது. தூக்கிவிட்டேன். சர்க்கரை எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு கூரைக்கு இந்த மனுஷன் ஏன் இவ்வளவு பூரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நீ உன் தம்பியைப் பற்றி எழுதியபோது பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது என்ன நினைப்பது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம்தான் அவனுக்குப் பெண் பிறந்தது, அதே ஆஸ்பத்திரியில். நான் போனபோது அவன் என் முகத்தையே பார்க்கவில்லை. வாசலில் அவனும் மச்சானும் சூடாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்த என்ன அவசியம்? எனக்குத்தான் கேட்காதே. அன்றிலிருந்து வீட்டில் ஜன்னல் சாத்துவதில்லை. யாரும் என்னிடம் வந்து கத்துவதில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறான். கடைவீதியில் வணக்கம் சொல்கிற இரண்டு பேர் இப்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். குழந்தை பிறந்த களைப்பு என்றும் வெயில் என்றும் நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாயில்லாத பிள்ளையை இந்தக் கையில் வைத்து வளர்த்தேன். அவனை நிறுத்திக் கேட்கப் பயமாக இருக்கிறது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? இருபதாம் தேதி அடுத்த கூட்டம். அதில் உறுதி செய்துவிட்டால் ஆஸ்பத்திரி போயிற்று. இதை யாரிடமும் மூச்சு விடாதே.

அப்பா


மே 12

அப்பா,

மூச்சு விடாதே என்றீர்கள். உங்கள் கடிதத்தை மடிப்பதற்கு முன்பே தம்பிக்குப் போன் செய்துவிட்டேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். அம்மாவைக் கொன்றுவிட்டுப் பிறந்தாய், இப்போது அப்பாவை உயிரோடு புதைக்கிறாயா என்று கேட்டேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அப்பா.

அவன் என்னைக் கத்தி முடிக்க விட்டான். பிறகு, "நான் அங்க இல்லவே இல்லக்கா" என்றான்.

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் வந்து அவன் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். எழுந்து ஓடியிருக்கிறான். போகும்போது உங்களுக்குக் கையைக் காட்டியிருக்கிறான், நீங்கள் பார்த்ததாகவே நினைத்திருக்கிறான். நீங்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். தான் இல்லை என்றால் அப்பா கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவார் என்று நம்பியிருக்கிறான். அங்கே பெண் பிறக்கிறது, அந்த இடத்தை மூட நீங்கள் கை தூக்கினீர்கள் என்று செய்தி வருகிறது. தெரிந்தேதான் தூக்கினீர்கள், சர்க்கரையோடு ராசியாகிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டான். "காது போனா மனசும் போயிடுமா? அதுக்கப்புறம் அவர்கிட்ட கத்தவே எனக்குப் புடிக்கலக்கா" என்றான். வாசலில் மச்சான் சூடாகப் பேசியது உங்களைத் திட்டித்தான். பெரியவர் காதில் விழக்கூடாது என்று நிறுத்தினாராம், உங்களுக்குக் காது கேட்காதது அவருக்குத் தெரியாது. அவருடைய நிலம் ஊருக்கு அந்தப் பக்கம். புதிய இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் விசாரிக்காமலே எழுதிவிட்டேன்.

அப்படியானால் அந்த நாற்காலியில் யாருடைய முழங்கால்?

தையல்காரர் மனைவியைக் கூப்பிட்டேன். ஒளிக்கவே இல்லை அவர். தம்பி எழுந்து போனதும் இடம் காலியாக இருந்தது, எங்கள் வீட்டுக்காரர் போய் உட்கார்ந்தார் என்றார். கை சமாச்சாரம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீதானம்மா பாக்கச் சொன்ன? பாத்தத அவர்கிட்டயும் சொன்னேன். தப்பா?" என்று கேட்டார்.

நான்தான் அப்பா. தம்பியை வேவு பார்க்க ஆள் வைத்தேன். அந்த ஆள் பார்த்ததைக் கொண்டுபோய்ச் சர்க்கரையிடம் சேர்த்துவிட்டார்கள். உங்கள் காது போனது அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, எந்தக் கை அசைந்தால் எந்தக் கை உயரும் என்று தெரிந்துவிட்டது. அம்மாவுக்காக நீங்கள் கட்டியதை இடிக்க நானே வழி திறந்துவிட்டேன்.

தம்பியிடம் இந்தப் பாதியை நான் சொல்லவில்லை. தையல்காரர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். சொல்ல வாய் வரவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள் அப்பா. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஆஸ்பத்திரியை மட்டும் எப்படியாவது காப்பாற்றுங்கள்.

உங்கள் மகள்


மே 22

மகளுக்கு,

கூட்டம் முந்தாநாள் நடந்தது. மற்றவர்கள் சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

போன கூட்டத்துத் தீர்மானத்தைக் குமாஸ்தா வாசித்தார், உதடு நின்றதும் நான் எழுந்தேன். எவ்வளவு சத்தமாகப் பேசினேன் என்று எனக்குத் தெரியாது. பட்டாளத்துச் சத்தமாகத்தான் இருந்திருக்கும், மேஜைமேல் இருந்த தண்ணீர் ஆடியது. "எனக்குக் காது கேக்காது. ஆறேழு மாசமா ஒளிச்சு வச்சிருந்தேன். போன தடவை எதுக்குன்னு தெரியாம கையைத் தூக்கிட்டேன். இப்ப தெரிஞ்சு இறக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மறுபடியும் வாக்கெடுக்க வேண்டியதாயிற்று. கையை எண்ணுவதற்குக் காது தேவையில்லை. சர்க்கரை பக்கத்திலிருந்து ஒருவர் கை கீழேயே இருந்தது. அவருடைய மகளுக்கும் அங்கேதான் பிரசவம் நடந்தது. தீர்மானம் விழுந்தது. ஆஸ்பத்திரி இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

சர்க்கரை எழுந்து என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் இனிப்பில்லாமல் பேசியிருக்கிறார், அது எனக்குக் கேட்காமல் போய்விட்டது. தையல்காரர் இரண்டாம் வரிசையில் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உன் பெயர் வரும்.

தலைவர் பதவியை அங்கேயே விட்டுவிட்டேன். இருக்கச் சொல்லிச் சிலர் கையைப் பிடித்தார்கள். காது கேட்காதவன் அந்த நாற்காலியில் உட்காரலாம், தப்பில்லை. ஒளித்தவன் உட்காரக் கூடாது. வெளியே வரும்போது ஜனங்கள் கைதட்டினார்களா, கூச்சல் போட்டார்களா என்று தெரியவில்லை. இரண்டும் நடந்தது என்று உன் தம்பி பிறகு சொன்னான்.

அவன் கடைசி வரிசையில் நின்றிருந்தான். என்னோடு நடந்து வீட்டுக்கு வந்தான். வழக்கம்போல ஜன்னலைச் சாத்தப் போனான், வேண்டாம் என்றேன். திறந்து வைத்துக்கொண்டே கத்தினான். நான் அவனைச் சந்தேகப்பட்டதற்குக் கத்தினான், தான் என்னைச் சந்தேகப்பட்டதற்கும் சேர்த்துக் கத்தினான். தெருவே நின்று கேட்டது. குழந்தை விழித்துக்கொண்டு அழுதிருக்கிறது, மருமகள் வந்து எங்கள் இரண்டு பேரையும் முறைத்தாள். குழந்தை உன் அம்மா ஜாடை. நெற்றி மட்டும் எங்கள் பக்கம்.

இனி உன் விஷயம். சொல்லாதீர்கள் என்று கேட்டாய். நான் சொல்லவில்லை. ஆனால் ஒளித்து வைக்கிற வேலையை இந்த வீட்டில் இனி நான் செய்யமாட்டேன், யாருக்காகவும். அவன் கேட்டால் சொல்லிவிடுவேன்.

அவன் பிறந்ததைப் பற்றி நீ சொன்ன வார்த்தையை என்னிடம் சொன்னான். மற்றதையெல்லாம் கத்தினவன் அதை மட்டும் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தே புரிந்துவிட்டது.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. ஆனால் நீ வேவு பார்க்க ஆள் வைத்ததில் என் பங்கும் உண்டு. காது போய்விட்டது என்று அன்றே உனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் நீ யாரையும் விசாரிக்கப் போயிருக்கமாட்டாய். அதனால் உன்னைத் திட்டுவதை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் இனி எனக்கு எழுதாதே. அவனுக்கு எழுது. தையல்காரர் மனைவியை நீ எதற்கு வைத்தாய் என்பதிலிருந்து எல்லாவற்றையும் எழுது, பாதியை விழுங்காதே. அவன் பதில் போட்ட பிறகு எனக்கு எழுதலாம். போடவில்லை என்றால் மறுபடியும் அவனுக்கே எழுது.

அப்பா